உரிமம் வாங்குமுன் ஆட்களை எண்ணிய கதை

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நண்டும் கணவாயும் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் மீன்பிடிச் சான்று கேட்பதால், எந்தப் படகு, எந்தக் கரை, எந்த நாள் என்பதை ஒவ்வொரு கொள்முதலுக்கும் பதிந்து வைக்கிறோம். அந்தப் பதிவுகள் பெருகி, நாங்கள் பயன்படுத்திவந்த, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பின் 10 ஜிபி வரம்பை நெருங்கியபோதுதான் உரிமத்தைப் பற்றி முதன்முறையாக யோசிக்க வேண்டிவந்தது.

அதன் கட்டணப் பதிப்பான ஸ்டாண்டர்டை இரண்டு வழிகளில் வாங்கலாம். சர்வருக்கு ஓர் உரிமமும், அதைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆளுக்கோ கருவிக்கோ சிஏஎல் எனப்படும் அணுகல் உரிமம் ஒன்றும் வாங்குவது ஒரு வழி. ஆட்களையே எண்ணாமல், புராசஸருக்குள் கணக்கிடும் வேலையைச் செய்யும் கோர்கள் எத்தனையோ அத்தனைக்கு வாங்குவது மற்றொன்று. எங்களை அணுகிய விற்பனையாளர், மென்பொருள் ஒரே பயனர் பெயரில்தான் தரவுத்தளத்துக்குள் நுழைகிறது என்பதால் அலுவலகத்தினருக்கு மட்டும் 10 சிஏஎல் போதும் என்று விலைப்புள்ளி கொடுத்தார். இது தவறு. நடுவில் எந்த மென்பொருள் நின்றாலும், அதன் வழியாகத் தரவைத் தொடும் ஒவ்வொருவரும் கணக்கில் வருவார் என்பதே உரிம விதி. பிற்பாடு தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியது வாங்கிய நாங்கள்தான், விற்றவர் அல்லர்.

ஆகவே விலையை ஒதுக்கிவைத்துவிட்டு, பாம்பன், இராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரை என்று ஒவ்வொரு கொள்முதல் கொட்டகையாகப் போய் எண்ணினேன். பாம்பனில் அண்ணனும் தம்பியுமாக இருவர், பாலிதீன் உறையில் சுற்றிய ஒரே கைப்பேசியில், ஈரக் கையோடு மாறி மாறி நண்டின் எடையைப் பதிந்துகொண்டிருந்தார்கள்; அங்கே ஒரு கருவி உரிமம் போதும். ஆலையின் எடை மேசைகளிலும் அப்படித்தான்: ஷிஃப்ட் மாறும்போது பெண்கள் மாறுகிறார்கள், கணினி மாறுவதில்லை. தனித்தனிக் கைப்பேசி வைத்திருக்கும் முகவர்கள்தான் எண்ணிக்கையை ஏற்றினார்கள். எடைக் கணினிகள் 6, அலுவலகத்தினர் 9, கொட்டகைகளில் 38, ஆக 53.

2022 பதிப்பு வந்தபோதைய விலைப் பட்டியலின்படி சர்வர் உரிமம் 989 டாலர், சிஏஎல் ஒன்று 230 டாலர், இரண்டு கோர் கொண்ட தொகுப்பு 3,945 டாலர். 53 பேருக்குக் கூட்டினால் 13,179 டாலர் வந்தது. கோர் வழியில் போகலாமென்றால், எங்கள் பழைய சர்வரில் எட்டு கோர் புராசஸர்கள் இரண்டு இருந்தன. இயந்திரத்தில் உள்ள எல்லாக் கோர்களுக்கும் வாங்க வேண்டும் என்பதால் அது 31,560 டாலராக உயர்ந்தது. இங்கேதான் பலர் கோர் உரிமம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் வேலையின் அளவுக்கு 16 கோர்கள் தேவையே இல்லை. ஒரு புராசஸருக்குக் குறைந்தது நான்கு கோர் உரிமம் வாங்க வேண்டும் என்பது விதி. நான்கு கோர் கொண்ட ஒரே புராசஸருடன் புதிய சர்வர் வாங்கினால் உரிமத்துக்கு 7,890 டாலர்தான். சர்வர் உரிமத்தோடு 30 சிஏஎல் வாங்கும் செலவும் ஏறத்தாழ அதுவே. எனவே 30 பேரைத் தாண்டியதுமே எங்களுக்குக் கோர் வழி லாபமாகிவிட்டது. சாதாரண சர்வரில் எண்ண வேண்டியது உண்மையான கோர்களை மட்டுமே. திரையில் அதைப் போல் இரு மடங்கு தெரிந்தால் பதற வேண்டியதில்லை.

போஸ்ட்கிரஸ் என்ற இலவசத் தரவுத்தள மென்பொருளுக்கு மாறினால் உரிமச் செலவே இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் பத்தாண்டுகளாகத் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிச் சேர்த்த நிரல்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டும். அதற்கு எங்களிடம் ஆள் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் என்றால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

“பத்து பேருக்கு வாங்கினாப் போதும்னு சொன்னாங்களே தம்பி?” என்று முதலாளி கேட்டார். எண்ணிய தாளை அவர் முன் வைத்து ஒவ்வொரு பெயராகக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் தடைக்காலத்தில், கொள்முதல் குறைந்திருந்தபோது, தரவைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். அந்தத் தாளை உரிம ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதன் பிறகு தொண்டியில் 11 முகவர்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்காக ஓர் உரிமம்கூடக் கூடுதலாக வாங்கவில்லை.