கோவா கணக்கும் கோவளம் கடலும்

ஜூன் 8, ஞாயிறு

ரன் முடிச்சு டீக்கடைல நிக்கும்போது எங்க குரூப்ல இருக்குற சின்னப்பையன் ஒருத்தன், கோவா 70.3க்கு ரூம் பேசப்போறோம், நீங்களும் வாங்கக்கான்னு ஆரம்பிச்சான். அது ட்ரையத்லான், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து செய்யுற ரேஸ். 70.3ங்கறது மொத்த தூரம், மைல்ல. கிலோமீட்டர்ல 113 வருது: 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். நான் நீச்சலே 39 வயசுல கத்துக்கிட்டவ, போன வருஷம்தான் 50 மீட்டர் குளத்தை நிக்காம தாண்டினேன். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் பாப்பாவோட கணக்கு நோட்டுலேருந்து ஒரு பக்கம் கிழிச்சு உக்காந்துட்டேன். பேங்க்காரி புத்தி.

100 மீட்டர் நீந்த 3 நிமிஷம் 15 செகண்ட், அப்போ 1900க்கு 1 மணி 2 நிமிஷம். கட் ஆஃப், அதாவது அதுக்குள்ள முடிக்கலேன்னா ரேஸ்லேருந்து எடுத்துடுவாங்க, 1 மணி 10. தப்பிச்சேன். உடை மாத்த 8 நிமிஷம். சைக்கிள் 22 ஸ்பீடுல போனா 4 மணி 5 நிமிஷம், ஆக 5 மணி 15ல சைக்கிள் முடியுது, அதுக்கு கட் ஆஃப் 5.30. ஷூ மாத்த 5 நிமிஷம். ஹாஃப் மராத்தான் நான் 2.40ல ஓடியிருக்கேன். எல்லாம் கூட்டினா சரியா 8 மணி நேரம், மொத்த கட் ஆஃப் 8.30. அரை மணி நேரம் மிச்சம்! அவர்கிட்ட காட்டினேன், "நடுவுல பஞ்சர் ஆனா?"ன்னு மட்டும் கேட்டுட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார். கடுப்பா இருந்துச்சு.

ஜூன் 22, ஞாயிறு

முதல் பிரிக். அதாவது சைக்கிள்லேருந்து இறங்கின உடனே ஓடணும். திருவான்மியூர்லேருந்து ஈசிஆர்ல முட்டுக்காடு பாலம் வரைக்கும் போயிட்டு திரும்பி வந்தேன், கிட்டத்தட்ட 40 கிமீ, நல்லாத்தான் இருந்துச்சு, மனசுக்குள்ள கோவா பீச்சுல மெடல் வாங்கிட்டேன். இறங்கி ஓட ஆரம்பிச்சா, கால் என்னோடது இல்ல. தொடை ரெண்டும் இன்னும் பெடல் மிதிச்சிட்டே இருக்கு, மணி ஏழரைதான் ஆகுது அதுக்குள்ள வெயில் மண்டையப் பொளக்குது, ரெண்டாவது கிமீல வயித்தப் புடிச்சிருச்சு, 5 கிமீ போறதுக்குள்ள நாலு தடவ நடந்தேன். கிமீக்கு ஒம்போதரை நிமிஷம்.

சாயங்காலம் அந்தப் பேப்பரைத் தேடி எடுத்தேன். ஒம்போதரைல 21.1 போனா 3 மணி 20 நிமிஷம். மொத்தம் 8.40. பத்து நிமிஷம் லேட், கதை முடிஞ்சுது. அதுவும் 40 கிமீ மிதிச்ச காலோட கணக்கு, 90 இல்ல.

ஜூன் 23, திங்கள்

ராத்திரி சாப்பிடும்போது அத்தைகிட்ட எல்லாம் விளக்கிச் சொன்னேன். "மூணையும் ஒரே நாள்லயாம்மா? ஒண்ணொண்ணா வச்சா ஆகாதா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் பாத்திரம் கழுவும்போதுதான் ஒறைச்சுது, என் பேப்பர்ல நான் செஞ்சதும் அதேதான். மூணு வேற வேற நாள்ல, தூங்கி எந்திரிச்சு ஃப்ரெஷ்ஷா செஞ்ச நேரத்தை எடுத்து ஒரே நாள்ல ஒட்டி வச்சிருக்கேன்.

ஜூலை 6, ஞாயிறு

கோவளம். கடல்ல நீந்திப் பழக அஞ்சு பேர் போனோம், கூட நல்லா நீந்துற ரெண்டு பேர், இடுப்புல ஆரஞ்சு மிதவை எல்லாம் கட்டிக்கிட்டு. குளத்துல ஒவ்வொரு 50 மீட்டருக்கும் சுவத்தை உதைச்சுத் திரும்புறோம்ல, அந்த ரெண்டு செகண்ட் எவ்ளோ பெரிய ஓய்வுன்னு அங்கதான் தெரிஞ்சுது. கீழ கோடும் கிடையாது. தலையத் தூக்கி எங்க போறோம்னு பாக்கணும், பாத்தா அலை வாய்க்குள்ள வருது. முதல் நூறு மீட்டர்லயே மூச்சு வாங்கி, மல்லாக்க மிதந்து, ஐயோன்னு ஆயிடுச்சு. மொத்தம் 400 மீட்டர், 21 நிமிஷம். இதே வேகம்னா 1.9 கிமீக்கு 1 மணி 40. சைக்கிளத் தொடவே விடமாட்டாங்க. கரைக்கு வந்தப்புறம் முழங்கைல எரிச்சல் வேற, வலை உலர்த்திட்டிருந்த ஒரு அண்ணன் பாத்துட்டு "சொறிமீனு பட்டிருக்கும், ஒண்ணும் ஆவாதும்மா"ன்னார்.

ரூம் பேசுன அந்தச் சின்னப்பையனுக்கு ஃபோன் போட்டு, ரூம்ல என்னைக் கணக்குல சேக்காதன்னு சொல்லிட்டேன். வருத்தம்தான், பொய் சொல்லல.

ஜூலை 20, ஞாயிறு

அப்போ எந்த தூரத்து ட்ரையத்லான்? ஒலிம்பிக்கா (நீச்சல் 1.5, சைக்கிள் 40, ஓட்டம் 10 கிமீ), ஸ்ப்ரிண்ட்டா (750 மீட்டர், 20, 5 கிமீ)? இந்தத் தடவ ஸ்பீடை எழுதல, என் வாரத்தை எழுதினேன். செவ்வாய், வியாழன் காலைல லேடீஸ் பேட்ச் நீச்சல், புதன் ஒரு சின்ன ஓட்டம், ஞாயிறு ரெண்டரை மணி நேரம். சனிக்கிழமை பாப்பாவுக்கு பரதம். கூட்டினா அஞ்சரை மணி நேரம், அதுலயும் குவார்ட்டர் எண்ட் வந்தா பாதி போயிடும். அஞ்சரைல ஸ்ப்ரிண்ட்டுக்கு தாராளமா தயாராகலாம், ஒலிம்பிக்குக்கு இழுத்துப் பிடிக்கணும், கோவா 70.3க்கு சைக்கிள் மட்டுமே ஒரே நாள்ல மூணு நாலு மணி நேரம் ஒதுக்கணும். எங்கேருந்து எடுக்குறது, தூக்கத்துலேருந்தா?

ஆஃபீஸ்ல ஸ்ப்ரிண்ட்னு சொன்னதும் ஒருத்தர், அப்போ அயர்ன்மேன் இல்லியான்னார். இது ஒரு தொல்லை. 1978ல ஹவாய்ல 15 பேர் கிளம்பி 12 பேர் முடிச்ச அந்த முதல் அயர்ன்மேன் ரேஸால, ட்ரையத்லான்னாலே 3.8, 180, 42.2 கிமீன்னு ஆகிப்போச்சு. 2000ல சிட்னிலேருந்து ஒலிம்பிக்ஸ்ல ஓடுறவங்களே 1.5, 40, 10தான் பண்றாங்க, அவங்களப் பாத்து முழுசு இல்லியான்னு யாரும் கேக்குறதில்ல. நான் ஒண்ணும் சொல்லல, சிரிச்சுட்டு வந்துட்டேன். இங்க எழுதித் தீத்துக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிக்காத்து. சைக்கிள் பக்கவாட்டுல தள்ளுது. 30 கிமீ, 19 ஸ்பீடு. 22ன்னு எழுதின மகராசி யாரு?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொந்தமா ஒரு ஸ்ப்ரிண்ட் வச்சுப் பாத்தேன். குளத்துல 15 லெங்த், வாசல்ல அவர் சைக்கிளப் புடிச்சிட்டு நிக்க, பாப்பா ஸ்டாப்வாட்சோட. அப்படியே பள்ளிக்கரணை ரேடியல் ரோட்டுல 20 கிமீ, திரும்பி வந்து தெருவுலயே 5 கிமீ. நீச்சல் 24.50, சைக்கிள் 52, ஓட்டம் 39.30, அதாவது கிமீக்கு எட்டு நிமிஷத்துக்கும் கீழ, ஒரு இடத்துலயும் நடக்கல! சைக்கிள் கடைசி ரெண்டு கிமீ கியரைக் குறைச்சு லேசா மிதிச்சது வேலை செஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். குளத்தை விட்டு ஏறி சைக்கிள் எடுக்க மட்டும் 9 நிமிஷம். ஈரக்கால்ல சாக்ஸ் ஏறவே மாட்டேங்குது. "அம்மா, நீ சாக்ஸ் போடுறதுக்குள்ள நான் பிஸ்கட் பாக்கெட்டே காலி பண்ணிட்டேன்"னு பாப்பா.

மத்தியானம் ஸ்ப்ரிண்ட்டுக்கு ஃபீஸ் கட்டிட்டேன், கடல் இல்ல, குளத்துல நீந்துற ரேஸ். கோவளத்துக்கு மாசம் ஒரு தடவ போலாம்னு இருக்கேன், அது அடுத்த வருஷத்துக்கு. செவ்வாய்க்கிழமை சாக்ஸுக்குள்ள பவுடர் போட்டுப் பாக்கணும்.