ஆறு நிறையத் தண்ணீர், கரையில் ஆளில்லை

குடியாத்தத்துக்காரர்களிடம் ஆற்றங்கரை என்று சொன்னால் தண்ணீர் நினைவுக்கு வராது, கூட்டம்தான் வரும். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் கோபாலபுரம் கோயிலுக்கு வந்து சேருகிற வரைக்கும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், பாலாற்றில் போய்ச் சேருகிற கவுண்டன்ய ஆற்றில் மணல் தெரியாத அளவுக்கு ஜனம் நிற்கும். ஆறு என்றால் மணல், மணல் என்றால் திருவிழா, அப்படித்தான் வளர்ந்தேன். கல்யாணமாகி ரிச்லாண்ட் வந்த புதிதில், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கொலம்பியா ஆறு கரை முட்டத் தண்ணீரோடு போய்க்கொண்டிருக்க, கரையில் ஒரு ஆள், ஒரு நாய், அவ்வளவுதான். எனக்கு அது லீவு விட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அந்தக் கரையில் நான் மாரத்தான் ஓடின கதைதான் இது.

ரிச்லாண்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. வாஷிங்டன் மாநிலம் என்றதும் எல்லோரும் சியாட்டில், மழை, பச்சைப்பசேல் என்று நினைப்பார்கள். சியாட்டிலிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் தென்கிழக்கே வந்தால், நடுவில் இருக்கிற கேஸ்கேட் மலைத்தொடர் மேகத்தையெல்லாம் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்வதால், இந்தப் பக்கம் வெறும் பொட்டல். வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை என்பதே பெரிய விஷயம். ஜூலையில் 38 டிகிரி, 40 டிகிரி சர்வசாதாரணம், அந்த வகையில் வேலூர்க்காரிக்கு வெயில் பழகின வெயில்தான். ரிச்லாண்ட், கென்னவிக், பாஸ்கோ மூன்றும் ஒட்டி ஒட்டி இருப்பதால் ட்ரை-சிட்டீஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், நாகசாகியில் போட்ட குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தை ரிச்லாண்டுக்கு வடக்கே ஹான்ஃபோர்டில்தான் தயாரித்தார்கள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்ததற்கு ஒரு காரணம் இந்த ஆறு, அணு உலையைக் குளிர்விக்க அவ்வளவு தண்ணீர் வேண்டும். நம் பாலாறும் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில்தானே கடலில் சேருகிறது, அங்கேயும் அணு உலை. இந்தப் பொருத்தத்தை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் இங்கே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவர், "அதுக்கு ஆத்துத் தண்ணி வேணாம், கடல் தண்ணி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஒரு கணக்கு மட்டும் இன்னும் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. வேலூர்ப் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை. இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் காய்ந்து கிடப்பது பாலாறு. கொலம்பியா உள்ளூர் மழையை நம்பி ஓடவில்லை, கனடாவில் ராக்கி மலையில் பனி உருகி 2000 கிலோமீட்டர் ஓடுகிறது, போதாததற்குக் கீழே மெக்நேரி அணை தண்ணீரைத் தேக்கி எங்கள் ஊர் வரைக்கும் ஏரியாக்கி வைத்திருக்கிறது. பாலாறு நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வருவதற்குள் மேலே தடுப்பணைகள், கீழே மணல் லாரிகள், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கழிவு எல்லாம் பார்த்துவிடும். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, ஆற்றில் தண்ணீர் வருவது எங்களுக்கு அவ்வளவு அதிசயம். அதே வெள்ளம் குடியாத்தத்தில் கரையோரத்து வீடுகளுக்குள் புகுந்தது, அது வேறு கதை.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன்.

வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வந்தவள் நான். காலை ஏழரைக்கு அவர் கிளம்பிவிட்டால் மாலை வரைக்கும் வீடும் நானும்தான். கார் ஓட்டத் தெரியாது, பஸ் பிடித்துப் போவதற்கு இடமும் தெரியாது. நடக்க ஆரம்பித்தேன். ஆற்றை ஒட்டி சககவியா ஹெரிடேஜ் டிரெயில் என்று தார் போட்ட பாதை, மூன்று ஊரையும் சுற்றி, இரு கரையும் தொட்டு, பாலம் ஏறி இறங்கி 23 மைல் போகிறது. நடந்து நடந்து, குளிர் அதிகமான ஒரு காலையில் சும்மா உடம்பு சூடாகட்டுமே என்று ஓடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதை எழுதுவதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் என்னைப் பிடித்து வைத்த விஷயம். எங்கள் பக்கம் ஓடுகிறவர்கள் என்றால் பையன்கள். கணியம்பாடி பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர், வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால் ஆள்சேர்ப்புக்கு 1600 மீட்டர் ஓடிப் பழகுகிற பையன்களைப் பார்க்கலாம், என் பெரியம்மா பையனும் அப்படி ஓடித்தான் தேர்வானான். ஒரு பெண் கல்யாணத்துக்கு அப்புறம் காரணமில்லாமல் தெருவில் ஓடினால், டீக்கடையில் நாலு தலை திரும்பும், "யாரு வூட்டுப் பொண்ணு, இன்னா ஆச்சு" என்று ஒருத்தராவது பின்னாலேயே வருவார். அக்கறைதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அக்கறை இருக்கிற இடத்தில் ஓட முடியாது.

ட்ரை-சிட்டீஸ் மாரத்தான் அக்டோபர் கடைசியில் நடக்கும். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர், ஏறக்குறைய எல்லாமே ஆற்றோரம், மேடு என்று சொல்ல பாலங்கள்தான் இருக்கின்றன. காலையில் கையுறை போட வேண்டிய குளிர், மதியத்தில் வியர்க்காத வெயில். சமதளம், குளிர், நெரிசலில்லாத பாதை மூன்றும் சேர்ந்தால் நேரம் நன்றாக வரும், அதனால் பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி நேரம் தேடுகிறவர்கள் இந்த மாதிரி சின்னப் போட்டிகளைத் தேடி வருகிறார்கள். 2026 பாஸ்டனுக்கு அந்த நேரத்தை ஐந்து நிமிஷம் வேறு குறைத்துவிட்டார்கள், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற பெண் 3 மணி 25 நிமிஷத்துக்குள் ஓடியிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. எனக்கு இருந்த கவலை காற்று.

இந்த ஊர்க் காற்றைப் பற்றி யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மரமில்லாத சமவெளியில் மேற்கிலிருந்து கிளம்பினால் காய்ந்த முள்செடிப் பந்துகள் ரோட்டில் உருண்டு காருக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். போகும்போது முதுகைத் தள்ளுகிற காற்றை நம்பி வேகமாகப் போய்விட்டால் திரும்பும்போது வட்டியோடு வசூல் பண்ணும். 1978இல் திறந்த கேபிள் பாலம், பாஸ்கோவையும் கென்னவிக்கையும் சேர்ப்பது, பார்க்க அவ்வளவு அழகு, வெள்ளைக் கம்பிகள் வானத்தில் விசிறி விரித்த மாதிரி. அதன் நடுவில் குறுக்குக் காற்றில் மாட்டினால் அழகெல்லாம் தெரியாது, தொப்பியைப் பிடிப்பதா கண்ணைத் துடைப்பதா என்றுதான் இருக்கும்.

இன்னொன்று நெருஞ்சி. பாதையை விட்டு இரண்டடி விலகி ஓடிய ஒரு நாள் ஷூவில் டக் டக் என்று சத்தம். உட்கார்ந்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்ன முள்காய், இரண்டு கொம்போடு, ரப்பருக்குள் பாதி இறங்கியிருக்கிறது. பாதையோரத்தில் கொடி, சிறு சிறு மஞ்சள் பூ, சந்தேகமே இல்லை, நம்ம ஆற்று மணலில் காலில் ஏறுகிற அதே நெருஞ்சி. இங்கே சைக்கிள்காரர்களின் முதல் எதிரி, அரசாங்கமே களைப் பட்டியலில் வைத்திருக்கிறது. நானும் விசா வாங்கி வந்தேன், இது எப்படியோ வந்து சேர்ந்து நிலத்தையும் பிடித்துக்கொண்டது. சேஃப்டி பின்னால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். ஆம்பூரில் ஷூ தைக்கிற தெருவில் சொந்தக்காரர்கள் இருந்தும் அமெரிக்காவில் முழு விலை கொடுத்து வாங்கிய ஷூ, மனசு கேட்கவில்லை.

போட்டியன்று காலை ஏழரைக்குத்தான் சூரியன் வரும். சிகாகோ, நியூயார்க் மாதிரி பெரிய மாரத்தான்களில் பல்லாயிரம் பேர், கொட்டடி கொட்டடியாக நிறுத்தி அனுப்புவார்களாம். இங்கே காரைப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, கழிப்பறைக்கு வரிசையில் நிற்காமல் போய்வந்து, நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, கிளம்புகிற கோட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் நின்றால் போதும். முழு மாரத்தானுக்கு நின்றவர்களைத் தலை எண்ணிவிடலாம் போலிருந்தது, எங்கள் தெருக் கல்யாணத்தில் பந்திக்கு உட்காருகிறவர்கள் இதைவிட அதிகம். சத்தம் வந்தது, ஓடினோம், கால் மணி நேரத்தில் வேகமானவர்கள் மறைந்தே போனார்கள்.

முதல் பாதி சுகம். காட்டன்வுட் என்கிற ஆற்றோர மரங்கள் பொன் மஞ்சளாக இலை உதிர்த்துக்கொண்டிருக்க, பெரிய வெள்ளைக் கூழைக்கடாக்கள் தண்ணீரில் மிதந்தன, வாத்துக் கூட்டம் பாதையை மறித்து நின்றது, அதுகள் போட்டு வைத்திருப்பதை மிதிக்காமல் ஓடுவதே தனிப் பயிற்சி. தண்ணீர் மேசைகளில் நிற்கிற தன்னார்வலர்கள் எண்ணைப் பார்த்து, அட்டையிலிருக்கிற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, தப்பும் தவறுமாகக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தினார்கள். அடுத்த மேசை வரைக்கும் மறுபடி யாருமில்லை.

உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தாங்காது என்பார்கள், அது அப்படியே நடந்தது. கையில் கடலை மிட்டாய் வைத்திருந்தேன், அந்தக் குளிரில் கல்லாகிவிட்டது. முன்னால் நீட்டு ஆறு, நீட்டுப் பாதை, எதிர்க்காற்று, முன்னும் பின்னும் மனுஷ வாடையே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதற்காக ஓட ஆரம்பித்தவள், அந்த இடத்தில் யாராவது பார்த்தால் தேவலை என்று ஏங்கினேன். டீக்கடையிலிருந்து திரும்புகிற அந்த நாலு தலை அப்போது வந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். யாருக்கும் தெரியாமல் நடந்துவிடலாம் என்பதுதான் சின்னக் கூட்டத்து ஓட்டத்தில் இருக்கிற உண்மையான கஷ்டம். நடந்தேன்.

அங்கேதான் ஆம்பூர் அக்கா நின்றுகொண்டிருந்தார். இந்த ஊரில் இருக்கிற சொற்பத் தமிழ்க் குடும்பங்களில் ஒன்று, பொங்கலன்று அறிமுகம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலையில் மஃப்ளர், கையில் பிளாஸ்க்.

"இன்னாமா, நடந்துகினு வர்ற? காசு கட்னது ஓட்றதுக்குத்தானே?"

பிளாஸ்க்கில் கேவுருக் கூழ். மோர் விட்டுக் கரைத்து, உப்பு தூக்கலாகப் போட்டு, இளஞ்சூடாக. ஓட்டக்காரர்கள் பொட்டலத்தில் பிழிந்து சாப்பிடுகிற சர்க்கரைப் பாகு ஜெல் என் தொண்டையில் இறங்கவே இறங்காது, கூழ் இறங்கியது. குடித்து முடிக்கிற வரைக்கும் அக்கா என் கூடவே நடந்தார், யார் வீட்டில் என்ன விசேஷம் என்றெல்லாம் சொன்னார், அப்புறம் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு "சரி ஓடு, குளிருது" என்றார். கூழ் வேலை செய்ததா அக்கா வேலை செய்தாரா தெரியாது, கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் பெரும்பகுதி ஓடித்தான் வந்தேன். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. முடிவுக் கோட்டில் வீட்டுக்காரர், முன்பே முடித்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்த சிலர், மைக்கில் என் பெயரைக் கொலை செய்த ஒருவர்.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு மெடலைக் காட்டினேன்.

"எத்தினி பேர் ஓட்னாங்க?"

சொன்னேன்.

"பாக்கறதுக்கு?"

அதுவும் சொன்னேன்.

"கூட்டமே இல்லன்னா அது இன்னா பந்தயம்? தண்ணி இருந்துச்சா ஆத்துல?"

நிறைய இருந்தது என்றதும் அதைக் காட்டச் சொன்னார், மெடலை விட்டுவிட்டு. போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினேன், அப்பாவையும் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார்.

அடுத்த அக்டோபரில் அரை மாரத்தான் ஓடுவதாக ஆம்பூர் அக்கா சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை தோறும் சேர்ந்து கிளம்புகிறோம். எட்டு மணிக்கு முன்னால் வீட்டை விட்டு இறங்க மாட்டேன், குளிரும் என்பது அவர் கட்டளை. எட்டு மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும் என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், அவர் கேட்பதாக இல்லை.