வெறும் புதர்

"வெறும் புதர்தானுங்க ஆத்தா, அந்தப் பக்கம் காட்டுல நெறைய இருக்கும்." இவ்வளவுதான் நான் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னேன், 'ங்க' எல்லாம் போட்டு. அதற்கு அந்தப் பாட்டி கேட்டது: "நீ போயிப் பாத்தயா சாமி?"

தாராபுரம் பக்கம் சோலார் தகடு பதிக்கப்போகிற ஒரு நிலம், போகிக்கு முந்தின நாள். பாட்டி காப்புக் கட்ட ஆவாரம்பூ பறித்துக்கொண்டிருந்தது. வேப்பிலையும் பூளைப்பூவும் ஏற்கெனவே மடியில் இருந்தன. பின்னால் ஜேசிபி நின்றது.

அப்படிப்பட்ட நிலத்தில் என்னென்ன நிற்கிறது என்று கணக்கெடுத்துப் படிவத்தில் எழுதுவது என் வேலை. இந்த வேலையில் மரத்துக்குத்தான் கணக்கு. வேம்புக்கும் வெள்வேலுக்கும் டேப் சுற்றி அளந்து எழுதியிருக்கிறேன். ஆவாரைக்கு எதை அளப்பது, தரையிலிருந்தே பத்துக் கிளை பிரிகிற செடிக்கு? "புதர்கள், குறிப்பிடும்படி இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். படிவப்படி அது பொய்யே இல்லை.

அப்புறம் எனக்கு நானே நிறையச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆடுகூட வாய் வைக்காத செடி, சரளை மண்ணிலும் ரோட்டோரத்திலும் தானாக வரும், ஒரு காலத்தில் தோல் பதனிட வண்டி வண்டியாகப் பட்டை உரித்தார்கள், வெள்ளைக்காரன் தோல் தொழிலை வைத்தே அதற்குப் பேர் வைத்தான், அப்போதே அழியாதது இப்போதா அழியப்போகிறது? ஆனால் மேலே வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும், ஜேசிபி தூரோடு பிடுங்கிப்போடும், இரண்டும் ஒன்றில்லை. விதைத்தோல் கெட்டி, மண்ணுக்குள் கிடந்து மெதுவாக முளைக்கும் என்பதும் சரிதான், முளைத்தால் மட்டும்? தகட்டுக்கு அடியில் புல் வெட்டுகிற மெஷின் அதைப் பூக்க விடாது.

அன்றைக்குப் பூவில் கருவண்டுகள் தொங்கிக்கொண்டு உறுமின. அந்த மகரந்தப் பைக்கு நுனியில் ஓட்டைதான், வண்டு அப்படி அதிர்ந்து உலுக்கினால்தான் கொட்டும் என்று பிறகு படித்தேன். தெரிந்து என்ன செய்ய.

ஆபரேட்டர் பாட்டியிடம் ஒரு கொத்து வாங்கி ஜேசிபி முகப்பில் செருகிக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். அவருக்கு அதில் ஒரு உறுத்தலும் தெரியவில்லை, பாட்டியும் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தது. உறுத்துவது எனக்கு மட்டும்தானோ, அல்லது அந்தக் கேள்விக்கு "பார்த்தேன்" என்று தலையாட்டிவிட்டேனே, அதுதான் உறுத்துகிறதோ. அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

போன மாதம் வேறொரு நிலம். குறிப்புப் பகுதியில் "ஆவாரை, சுமார் 40 தூர்" என்று எழுதினேன். "இது எதுக்குப்பா?" என்றார் மேலதிகாரி. யோசித்தேன். அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.