பெர்லின்: ரெண்டு மார்க் நாணயமும் ஓசி மியூசியமும்

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்தால் மாவர்பார்க் பழம்பொருள் சந்தைக்குப் போய் கிழக்கு ஜெர்மனியின் ஒரு மார்க் நாணயம் இரண்டு வாங்குங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு 'அபூர்வம்' என்று நீட்டுவதைத் தொடாதீர்கள், விலை சட்டத்துக்குத்தான். டப்பாவில் கொட்டிக் கிடப்பதைக் கிளறினால் போதும். அலுமினியம், உள்ளங்கையில் கனமே தெரியாது.

வருடம் பார்த்து எடுக்க வேண்டும். 1956, 1962, 1963 என்று இருந்தால் 'டாய்ச்சே மார்க்', அதாவது ஜெர்மன் மார்க். 1972 முதல் வெறும் 'மார்க்'. ரூபாய் நோட்டு போலத் தாளாக வேண்டுமா? 1964 நோட்டில் வங்கியின் பெயர் 'டாய்ச்சே நோட்டன்பாங்க்', அதாவது ஜெர்மன் நோட்டு வங்கி. 1968-ல் அதுவே 'டி.டி.ஆர் அரசு வங்கி' ஆகிவிட்டது (டி.டி.ஆர் என்பது கிழக்கு ஜெர்மனியின் ஜெர்மன் பெயர்ச் சுருக்கம்).

இந்தப் பெயர் மாற்றங்களுக்குக் காரணம் அரசியல். முழு ஜெர்மனிக்கும் நாங்களே வாரிசு என்று ஆரம்பித்த கிழக்கு ஜெர்மன் அரசு, பிறகு மேற்கு ஜெர்மனியோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று பெயர்ப்பலகையில் கத்தரி வைத்தது. 1972-ல் தொலைக்காட்சியும் அறிவியல் அகாதமியும் 'ஜெர்மன்' பட்டத்தைக் கழற்றி, பின்னால் 'டி.டி.ஆர்' மாட்டிக்கொண்டன. 1974-ல் அரசியல் சட்டத்திலிருந்தே 'ஜெர்மன் தேசம்' போய்விட்டது. கூத்து என்னவென்றால், வெட்டச் சொன்ன ஆளுங்கட்சியின் பெயரிலேயே 'ஜெர்மனி' அப்படியே இருந்தது!

விமானக் கதை வேறு. 1955-ல் இவர்களும் லுஃப்தான்சா என்ற பெயரில் ஒரு விமான நிறுவனம் தொடங்கினார்கள். அந்தப் பெயருக்கான உரிமை மேற்கு ஜெர்மன் கம்பெனியிடம் இருந்தது. 1963-ல் அதை இழுத்து மூடி, இன்டர்ஃப்ளூக் என்ற பெயரிலேயே பறந்தார்கள்.

ரயில்தான் உச்சம். கம்யூனிஸ்ட் நாட்டின் ரயில்வேக்குப் பெயர் 'டாய்ச்சே ரைஷ்பான்', பேரரசு ரயில்வே! போருக்குப் பின் மேற்கு பெர்லினிலும் ரயில் ஓட்டும் பொறுப்பை நேச நாடுகள் ரைஷ்பானிடம்தான் விட்டிருந்தன. பெயரை மாற்றினால் அந்தப் பிடி நழுவலாம். அங்கே எஸ்-பான் மின்ரயிலை 1984 ஜனவரி வரை அவர்களே ஓட்டினார்கள். பெயரோ நாட்டையே மிஞ்சி 1993 முடியும்வரை நின்றது.

பார்க்க அதிகச் செலவில்லை. ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்தை ஒட்டிய 'கண்ணீர் மாளிகை', மேற்கே போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய கூடம். குல்டூர்பிராவராய் என்ற பழைய பீர் ஆலை வளாகத்தில் டி.டி.ஆர் அன்றாட வாழ்க்கை அருங்காட்சியகம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை. முதலாவதைப் பார்த்துவிட்டு எஸ்-பானில் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ், அங்கிருந்து யு2 மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் எபர்ஸ்வால்டர் ஷ்ட்ராஸ. அருங்காட்சியகம், சந்தை இரண்டுமே அங்கிருந்து நடைதூரம். நகரத்துக்குள் போக ஏபி மண்டல டிக்கெட் போதும், ஆனால் நடைமேடை எந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறினால் 60 யூரோ அபராதம். சுற்றுலாப் பயணி, தெரியாது என்றெல்லாம் சொன்னால் எடுபடாது.