ஹாலே ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன்

தரங்கம்பாடி பற்றிய ஆய்வுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அடுத்துப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வேன்: விமானம் ஏறும் முன்பே குர்ரென்ட் எனும் பழைய ஜெர்மன் கையெழுத்து முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். பி2 தேர்வு வரை ஜெர்மன் படித்திருக்கிறோமே, போதும் என்று நினைத்துப் போனேன். பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் 18-ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்றை வாங்கி விரித்தேன். தேதியையும் 'டிராங்கிபார்' (தரங்கம்பாடிதான்) என்ற ஊர்ப்பெயரையும் தவிர ஒரு சொல் ஓடவில்லை.

அந்த ஊர்ப்பெயர் மட்டும் ஏன் படிக்க முடிந்தது என்று பிறகுதான் புரிந்தது. ஜெர்மன் சொற்களைக் குர்ரென்டிலும், லத்தீன் சொற்களையும் அயல்நாட்டுப் பெயர்களையும் பெரும்பாலும் நமக்குப் பழகிய லத்தீன் வடிவிலும் எழுதுவது அக்கால வழக்கம். குர்ரென்டில் 'ஈ' (e) எழுத்து பார்க்க 'என்' (n) போலவே இருக்கும். 'யூ'வுக்கு (u) தலையில் ஒரு சின்ன வளைவு. அதைக் கவனிக்காவிட்டால் அதுவும் 'என்' ஆகிவிடும். ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒரே கோடு. சொல்லை ஊகித்துத்தானே எழுத்தைப் பிடிக்கிறோம்? அதே பழக்கம் இங்கும் கைகொடுக்கும்.

கண்ணால் பார்த்துக் கற்க முயன்று ஒரு வாரத்தை வீணாக்கினேன். அப்புறம் தினமும் ஒரு பக்கம் குர்ரென்டில் நானே எழுத ஆரம்பித்தேன். கை பழகிய பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது.

இன்னொரு வழி இதைவிடப் பயனுள்ளது. தரங்கம்பாடியில் சமயம் பரப்பிய ஜெர்மன் பாதிரியார்கள் அனுப்பிய கடிதங்களை ஹாலேயில் 1710 முதல் தொகுத்து அச்சிட்டார்கள். 'ஹாலே அறிக்கைகள்' என்பார்கள். அச்சுப் பிரதியை ஒரு பக்கம், கையெழுத்தை மறுபக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தடுமாறும் இடத்தில் அச்சு விடை சொல்லும். சில இடங்களில் கையெழுத்தில் இருப்பது அச்சில் இருக்காது. பதிப்பித்தவர்கள் வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

தேடும்போது 'தமிழ்' என்று மட்டும் தேடாதீர்கள். அக்கால ஜெர்மானியர்கள் தமிழை 'மலபாரிஷ்' என்றே பெரும்பாலும் எழுதினார்கள். அது தெரியாமல் மலையாளம் சம்பந்தப்பட்டது என்று நினைத்து நல்ல கட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, நகரத்துக்கு வருகிறேன். தமிழ் பற்றிய பக்கங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். தமிழ்ப் புத்தகம் பற்றிப் பேசும் கடிதத்தில் நடுவே மருந்து ஏன் வருகிறது என்று குழம்பினேன். நிறுவனங்களின் முற்றத்தில் நடந்தபோதுதான் விளங்கியது. பாதிரியார் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1698-இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லத்தோடு மருந்தகமும் அச்சகமும் புத்தகக் கடையும் சேர்ந்தே வளர்ந்தன. ஹாலே மருந்தும் புத்தகங்களும் விற்ற பணத்தில் பள்ளிகள் நடந்தன. அந்த மருந்து தரங்கம்பாடிக்கும் கப்பலேறியது. இல்லத்தின் முகப்பில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

உப்பால் வளர்ந்த ஊர் இது. உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்த தொழிலாளர்களின் சகோதரத்துவத்துக்கு ஹல்லோரன் என்று பெயர், இன்றும் இருக்கிறது. இசைமேதை ஹேண்டல் 1685-இல் இங்கே பிறந்தார், 1703-இல் ஊரைவிட்டுப் போனார். அதே ஆண்டில்தான், பின்னாளில் தரங்கம்பாடிக்குப் பாதிரியாராகப் போன சீகன்பால்கு இங்கே படிக்க வந்தார். கோடைத் தொடக்கத்தில் ஹேண்டல் விழா நடக்கும். அப்போது தங்க இடம் கிடைப்பது கஷ்டம், முன்பே பதிவு செய்துவிடுங்கள். நெப்ரா வான்வட்டுக்காக அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சுமார் 3,600 ஆண்டுக்கு முன் மண்ணில் புதைத்த வெண்கலத் தட்டு, அதில் பொன்னால் நிலவும் விண்மீன்களும்.

என்னை அதிகம் பாதித்தது ஒரு கையெழுத்துப் பிரதியின் வரலாறு. தமிழர் தெய்வங்களைப் பற்றி, தமிழ்நாட்டு மக்களிடம் கேட்டும் சுவடிகளைப் படித்தும் சீகன்பால்கு 1713-இல் ஒரு நூல் எழுதி அனுப்பினார். அழிக்கப் போன சமயத்தை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஹாலேயில் அச்சிட மறுத்தார்கள். 1716-இல் அவருடைய தமிழ் இலக்கணத்தை அச்சிட்ட அதே ஊர்தான்! தெய்வங்கள் பற்றிய நூல் 1867-இல் சென்னையில்தான் முதன்முதலில் அச்சேறியது. மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் சீகன்பால்குவுடன் ஐரோப்பா போய்வந்திருக்கிறார். இலக்கணத்தின் அட்டையில் அவர் பெயர் இல்லை. கடிதங்களில் அவரைப் பற்றி ஒரு வரி கண்ணில் பட்டாலும் தனித் தாளில் எழுதி வையுங்கள்.