புலியூர்க்குறிச்சியிலிருந்து காற்றாடிமலை வரை

புனித தேவசகாயத்தைத் தேடிக் குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே காற்றாடிமலைக்குத்தான் போவார்கள். அவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. முடிவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப எங்களுக்கு மனமில்லை. அதனால் நாகர்கோவிலிலிருந்து தக்கலை பஸ் ஏறி, புலியூர்க்குறிச்சியில் இறங்கினோம்.

உதயகிரிக் கோட்டை சாலையை ஒட்டியே இருக்கிறது. இப்போது வனத்துறைப் பூங்கா. மான் பார்க்க வரும் கூட்டம்தான் அதிகம். உள்ளே, கூரை போன பழைய ஆலயத்தில் டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர் அவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியும் ஆனார். லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

தேவசகாயத்தின் பழைய பெயர் நீலகண்ட பிள்ளை. அரண்மனை ஊழியரான அவர், சொத்து இழப்பால் நொந்துபோய் இருந்த நேரம். அவருக்குப் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர் இந்த டிலனாய்தான். எல்லாம் இழந்தவனின் கதையை, போரில் தோற்றுச் சிறைப்பட்ட ஒருவர் சொல்லும்போது அதற்கு வேறு கனம் வந்திருக்கும். நீலகண்டனைப் பிடிக்கக் கடவுள் இவ்வளவு தொலைவிலிருந்து ஆள் அனுப்பினாரே என்று அந்தக் கல்லறை முன் நின்றபோது எனக்குத் தோன்றியது.

1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 1749இல் கைது. 1752 ஜனவரி 14இல் மரணம். நடுவில் இருக்கிற அந்த மூன்று சிறை ஆண்டுகளைத்தான் நாம் சட்டென்று தாண்டிவிடுகிறோம். எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். அதிகாரத்தோடு நடமாடிய மனிதர், தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ஊருக்கு முன்னால் பொறுமையாக உட்காரப் பழகியது அங்கேதான். அது ஒரே இரவில் வந்துவிடுகிற குணமா என்ன?

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் தவித்தவர் செபித்து, முட்டியால் பாறையில் இடிக்கத் தண்ணீர் சுரந்தது என்பது அந்த ஊர் நம்பிக்கை. மக்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நாங்களும் பிடித்தோம். விடுதலை கேட்டிருக்கலாம், அவர் கேட்டது தண்ணீர். இதுதான் என்னை அங்கே கொஞ்ச நேரம் உட்கார வைத்தது.

அப்புறம் பெருவிளை. இங்கே மாதக்கணக்கில் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். மரத்தடிக் கைதியைத் தேடி நோயாளிகள் வந்தார்கள், அவர் அவர்களுக்காகச் செபித்தார் என்று சொல்கிறார்கள்.

காற்றாடிமலையில் பெயருக்கேற்ற காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைக் கேட்கவா வேண்டும். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கிறது. சின்னப் பிள்ளைகள் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். மனதை ஒருமுகப்படுத்த விரும்புகிறவர்கள் விடுமுறை நாளைத் தவிர்ப்பது நல்லது.

கடைசியாகக் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை. சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர் அவர். ஆனால் பெயருக்குப் பின்னால் பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை நாம் விடாமல் ஒட்டியே வைத்திருந்தோம். 2022 மே 15இல் புனிதராக அறிவித்தபோதுதான் அது இல்லாமல் வெறும் தேவசகாயம் ஆனார். கடவுளின் பொறுமை அவருக்கு மட்டும் தேவைப்படவில்லை என்று அங்கே நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பயணத்தில் வடக்கன்குளம் விட்டுப்போயிற்று. அவர் மனைவி ஞானப்பூ, கணவர் போன பிறகு வாழ்ந்து மறைந்த ஊர் அது. கடவுள் ஞானப்பூவை வனைந்த கதையை யாரும் இவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை. சரி, அடுத்தமுறை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.