உயர்நிலை 1இல் மகள்: முதல் ஆண்டைப் பற்றிச் சில குறிப்புகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6ஐ முடித்து உயர்நிலை 1க்குச் செல்லவிருக்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோர் பலர், டிசம்பர் மாதத்தைச் சீருடை வாங்குவதிலும் பாடநூல் பட்டியலைச் சரிபார்ப்பதிலும் கழித்துவிட்டு, ஜனவரியில் பாடங்கள் கடினமாகிவிடுமே என்ற ஒரே கவலையோடு காத்திருக்கிறார்கள். என் மகள் அந்த ஆண்டைக் கடந்து வந்துவிட்டாள். அருகிலிருந்து பார்த்தவரையில், பாடத்தின் கடினம் இரண்டாவது சிக்கல்தான் என்பது என் கருத்து. பிள்ளையின் ஒரு நாளை முழுவதுமாகக் கவனித்துக்கொண்டிருந்த ஆசிரியர் என்று ஒருவர் இனி இல்லை என்பதே முதல் சிக்கல்.

தொடக்கப்பள்ளியில் வகுப்பாசிரியரே இரண்டு மூன்று பாடங்களை எடுப்பது வழக்கம். பிள்ளை காலையில் முகம் வாடி வந்தாலும், இடைவேளையில் சாப்பிடாமல் திரிந்தாலும், முந்தைய நாள் பயிற்சித்தாளை ஒப்படைக்காவிட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தேர்வுக்குரிய பாடங்களும் நான்குதான். உயர்நிலையிலோ ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகியவற்றோடு வரலாறு, புவியியல், ஆங்கில இலக்கியம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவு மற்றும் பயனீட்டாளர் கல்வி, ஓவியம், இசை, உடற்கல்வி என்று பட்டியல் நீள்கிறது. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர். அறிவியல் ஆசிரியர் வியாழக்கிழமைக்குள் கேட்ட ஆய்வு அறிக்கையைப் பற்றி ஆங்கில ஆசிரியருக்குத் தெரியாது; அவரும் அதே நாளுக்குள் ஒன்றைக் கேட்டிருப்பார். இருவரும் கேட்டவை இருக்கும்போதே அதே வியாழக்கிழமை மாலை ஆறு மணிவரை இணைப்பாட நடவடிக்கை (பாட நேரத்துக்கு வெளியே நடக்கும் விளையாட்டு, கலை போன்றவை) நீளும். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருப்பவள் பன்னிரண்டு வயது முடிந்த ஒரு பெண். அந்தப் பொறுப்பு தன் கைக்கு வந்துவிட்டது என்று அவளிடம் யாரும் முறையாகச் சொல்வதுமில்லை.

பல பள்ளிகளில் கால அட்டவணையே இரண்டாக இருக்கிறது: ஒற்றை வாரத்துக்கு ஒன்று, இரட்டை வாரத்துக்கு ஒன்று. இது சிறிய விஷயம்போல் தோன்றும். ஆனால் கணக்குப் போடும் கால்குலேட்டரை வீட்டில் விட்டுவிட்டு உணவுப் பாடத்துக்கான ஏப்ரனைச் சுமந்துகொண்டு போகும் பிள்ளைகள் ஜனவரியில் நிறையவே உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு அட்டவணைகளையும் வெவ்வேறு நிறத் தாளில் அச்சிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். ஞாயிறு இரவு, வரப்போவது எந்த வாரம் என்பதைப் பார்த்து மற்றதை அவளே பின்னால் செருகிவிடுவாள்.

வீட்டுப்பாடத்தின் தன்மையும் மாறிவிடுகிறது. தொடக்கநிலையில் இன்று கொடுத்ததை நாளை ஒப்படைக்க வேண்டும். உயர்நிலையில் இன்று கொடுப்பதற்கு அடுத்த வாரம் கெடு. குழுவாகச் செய்யும் திட்டப்பணி என்றால் இன்னும் சில வாரங்கள். “இன்னைக்கு வீட்டுப்பாடம் ஒண்ணும் இல்லம்மா” என்று பிள்ளை சொன்னால் அது பொய்யன்று. நாளைக்கு ஒப்படைக்க ஒன்றுமில்லை என்பதைத்தான் பழைய பழக்கத்தில் அப்படிச் சொல்கிறாள். ஆகவே குறிப்பேட்டில் ஒப்படைக்கும் நாளை மட்டும் எழுதிவைப்பது போதாது. எந்த நாளில் உட்கார்ந்து செய்யப்போகிறாள் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இணைப்பாட நடவடிக்கை உள்ள நாள்களில் எழுத்துவேலை எதுவும் நடக்காது என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டால், மீதி நாள்கள் எத்தனை குறைவு என்பது அவளுக்கே தெரியவரும்.

தாய்மார்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: “முடிச்சிட்டியா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “எதை எந்த நாள்ல செய்யப்போற?” என்று கேளுங்கள். முதல் தவணையில் இதைத் தினமும் கேட்கலாம். இரண்டாம் தவணையில் ஞாயிறு மாலை மட்டும் போதும். மூன்றாம் தவணையில் அவள் கேட்டால் ஒழிய வாய் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். மற்றத் தாய்மார்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பி வீட்டுப்பாடத்தை விசாரித்துச் சொல்லும் வேலையை ஏற்றுக்கொண்டால், நான்காம் தவணையிலும் அதையே செய்துகொண்டிருக்க நேரும்.

மதிப்பெண் அதிர்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது தவணைக்கொரு மதிப்பீடும் ஆண்டிறுதித் தேர்வும்தான் பெரும்பாலான பள்ளிகளின் நடைமுறை. முதல் மதிப்பீட்டில், தொடக்கநிலை 6இன் இறுதியில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வில் கணிதத்துக்கு ஏஎல்2 (ஏஎல்1தான் மிக உயர்ந்த தரநிலை) வாங்கிய பிள்ளை அறுபத்துச் சொச்சத்தோடு வீட்டுக்கு வருவது மிகச் சாதாரணம். பிஎஸ்எல்இயில் 75 மதிப்பெண் என்றால் ஏஎல்4. உயர்நிலையில், மூன்று நிலைகளில் மிகக் கடினமான ஜி3 நிலைப் பாடத்தில் அதே 75, மிக உயர்ந்த தரமான ஏ1 தகுதிக்குரிய மதிப்பெண். அளவுகோலே வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் 68 மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், அது ஏ1, ஏ2 ஆகியவற்றுக்கு அடுத்த தரமான பி3 என்பதை ஆண்டு முடிந்த பிறகுதான் அறிகிறார்கள்.

கணிதத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருத்தியிடம் இருக்கும் பணம் இன்னொருத்தியுடையதைப்போல் மூன்று மடங்கு, இருவரிடமும் சேர்த்து 48 வெள்ளி என்றால், தொடக்கநிலைப் பிள்ளை நான்கு கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டம் 12 வெள்ளி என்று கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவாள். உயர்நிலையில் கட்டத்துக்குப் பதிலாக எழுத்து வருகிறது, குறை எண்கள் வருகின்றன, அடைப்புக்குறிகள் வருகின்றன. இரண்டு தரம் (அ − 3) என்பதிலிருந்து (அ − 4) என்பதைக் கழிக்கச் சொன்னால், சரியான விடை அ − 2. பிள்ளைகள் அ − 10 என்று எழுதுவார்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் 4இன் குறியையும் மாற்றும் என்பது மறந்துபோயிருக்கும். என் மகளின் முதல் மதிப்பீட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தபோது, அவள் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி இந்த ஒரே பிழையில் போயிருந்தது. அதற்குத் துணைப்பாட வகுப்பு தேவைப்படவில்லை. அதே வகைக் கணக்குகளைச் சில மாலைகள் போட்டுப் பார்த்தது போதுமாக இருந்தது. எனவே மதிப்பெண்ணைப் பார்த்ததும் துணைப்பாட நிலையத்துக்குத் தொலைபேசி எடுப்பதற்குமுன், தாளைப் பிரித்துப் பிழைகளை வகைவகையாக எண்ணிப் பாருங்கள். பிழைகள் எங்கும் பரவிக்கிடந்தால் உதவி தேவைதான். குறைந்த கட்டணத்தில் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நடத்தும் துணைப்பாட வகுப்புகள் உயர்நிலை மாணவர்களுக்கும் உண்டு.

வரலாற்றுப் பாடத்தில் சிக்கல் வேறு மாதிரி. மனப்பாடம் செய்து பழகிய பிள்ளைக்கு, ஒரு படத்தையோ ஒரு பயணியின் குறிப்பையோ கொடுத்து அதிலிருந்து என்ன ஊகிக்க முடிகிறது என்று கேட்டால் கை ஓடாது. 1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் பொன் ஆபரணங்கள் கிடைத்தன. அந்தப் படத்தைப் பார்த்து “இது பொன் வளையம்” என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் செல்வாக்குள்ளவர்கள் வாழ்ந்திருக்கலாம் என்று ஊகத்தைச் சொல்லி, படத்தில் தெரியும் வேலைப்பாட்டைச் சான்றாகக் காட்டி, அந்தச் சான்று ஊகத்தை எப்படித் தாங்குகிறது என்று விளக்க வேண்டும். கருத்து, சான்று, விளக்கம் என்ற இந்த வரிசை கைவந்தால் புவியியலுக்கும் இலக்கியத்துக்கும் சேர்த்தே பயன்படும் என்பதால், முதல் ஆண்டில் நேரத்தைச் செலவிடத் தகுந்தது இதுவே என்பேன்.

2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் முதல், விரைவுநிலை, வழக்கநிலை என்று பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்த பழைய பிரிவுகள் இல்லை. பிஎஸ்எல்இ புள்ளியைக் கொண்டு மூன்று குழுக்களில் பள்ளிச் சேர்க்கை நடந்தாலும், வகுப்பில் எல்லாக் குழுப் பிள்ளைகளும் கலந்தே இருப்பார்கள். பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் ஆற்றலுக்கேற்ற நிலையில் படிப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற பொதுப் பாடங்களுக்கு, அதாவது பாட நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு, வகுப்பு முழுவதும் ஒன்றாக இருக்கும். கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ மணியடித்தால் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவளே நாள் முழுவதும் தோழியாக இருந்த தொடக்கப்பள்ளி வழக்கம் இங்கே செல்லாது. ஒரே தொடக்கப்பள்ளியிலிருந்து கூட்டமாக வந்தவர்கள் உணவகத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். தனியாக வந்தவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதல் வாரங்களில் இது நடந்தால் பெற்றோர் பதற வேண்டாம், பள்ளிக்கு எழுதவும் வேண்டாம். அடுத்து எந்தப் பாடத்துக்கு யாரோடு நடந்து போகிறாள் என்று கேளுங்கள். ஒரு வகுப்பறையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் உயர்நிலையின் நட்புகள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

வகுப்பில் ஒரே தமிழ்ப் பெண்ணாக இருப்பது இன்னொரு தனிமை. மகளின் பள்ளியில் தமிழ் கற்பிக்கப்படாததால், பள்ளி முடிந்து பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. வெயிலில், கனத்த பையோடு, ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போவதை அவள் முதலில் வெறுத்தாள். ஆனால் பல பள்ளிச் சீருடைகள் ஒரே அறையில் கூடும் அந்த இடத்தில்தான், தன்னைப்போலவே தட்டோடு நின்ற பெண்கள் வேறு பள்ளிகளிலும் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தகைய பிள்ளைகள் இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கும்முன் தமிழ் வகுப்பு நாள்களைத் தெரிந்துகொள்வது அவசியம். ஜனவரி அறிமுக நிகழ்ச்சியில் மயங்கிப் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டும் ஒரே பிற்பகலில் மோதுவதைக் கண்டு மாற்றக் கேட்பது சங்கடமானது.

பொங்கலும் இதே பருவத்தில் வந்துவிடுகிறது. பள்ளி திறந்து ஓரிரு வாரங்களே ஆகியிருக்கும் நிலையில் உறவினர் எல்லாரும் “எத்தனை புள்ளி, எந்தப் பள்ளி?” என்று கேட்பார்கள்; பதிலைக் கேட்டுவிட்டு அவர்கள் பிள்ளையின் புள்ளியையும் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். புதிய பள்ளியில் காலூன்ற முயலும் பிள்ளை, பழைய தேர்வுக்கு மறுபடியும் விடை எழுத வேண்டியதில்லை.

கைப்பேசி விஷயத்தில் விதி பெற்றோருக்குத் துணை நிற்கிறது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக் கூடாது. கற்றலுக்கான மடிக்கணினியும் இரவு 10.30 மணிக்குத் தானாக முடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. எஞ்சும் தொல்லை, வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுக்கள்; தன்னைச் சேர்க்காத குழு ஒன்று இருக்கிறது என்று அறியும் நாள் எந்தப் பெண்ணுக்கும் வரும். அன்றைக்கு அறிவுரை வேண்டாம், இரவுச் சாப்பாட்டைச் சற்று நேரம் நீட்டினால் போதும். மாதவிடாய்க்கான சிறு பை ஒன்று, மாற்று உள்ளாடையோடு, பள்ளிப்பையில் எப்போதும் இருக்கட்டும். இன்னும் தொடங்காத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

சோர்வுக்கும் துன்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் பார்க்க வேண்டும். மாலையில் வந்து சீருடையோடு சோபாவில் தூங்கிப்போவது முதல் தவணையில் இயல்பு. குறிப்பிட்ட ஒரு நாளின் காலையில் மட்டும் வயிற்றுவலி என்பது, சாப்பாட்டுக்காகக் கொடுத்த காசு செலவாகாமல் திரும்பி வருவது, முன்பு விரும்பிய பாடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பள்ளியில் மனநல ஆலோசகர் இருக்கிறார். மனநல உதவிக்குத் தேசிய அளவில் 1771 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் முதலில் வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள். “மகள் சரியாக இல்லை” என்று பொதுவாக எழுதாமல், எந்த வாரத்திலிருந்து, எந்த நாளில், எந்தப் பாடத்துக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எழுதினால், அவர் அந்தப் பாட ஆசிரியரிடமும் இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாளரிடமும் நேரே விசாரித்துவிட்டு உங்களை அழைக்க முடியும்.